சீமைக் கருவேலங்கரியில் சிப்ரோஃப்ளாக்சசினைப் பிடிப்பது: கரி, கரிசல், நாலு பிளாங்க்

சாக்கடையில் கலக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கரியால் தண்ணீரிலிருந்து பிடிக்க முடியுமா என்று சோதிக்கும் முறை இது. மருந்துக்கு முன் கரியைச் சோதிப்போம். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு கிராம் சீமைக் கருவேலங்கரித் தூள். மருந்து எதுவும் கலக்கவில்லை. ஒரு நாள் முழுக்கக் குலுக்கி, வடிகட்டி, யூவி ஸ்பெக்ட்ரோமீட்டரில் (நீர் எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் மெஷின்) 277 நானோமீட்டரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். கழுவாத மூட்டக் கரி என்றால் காட்டாது. வடிநீரை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: இரண்டாம் முறை ஊற்றிய தேத்தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் பழுப்பு. அரைகுறையாக வெந்த மரத்திலிருந்து கசிந்த கரிமப் பொருள் அது. சிப்ரோஃப்ளாக்சசின் எந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிறதோ, அதே இடத்தில் அதுவும் உறிஞ்சும். கரி மருந்தைப் பிடித்துவிட்டாலும் மெஷின் ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்லும். கரி கெட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பொருளைத் தேடப் போவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கரி எதையும் பிடிக்காமலே 90 சதவீதம் நீக்கியதாகக் கணக்கு வரும். அதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. இந்தப் பதிவில் கரி செய்யும் முறையும் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் இந்தப் பொய்க் கணக்குகளைப் பிடிப்பது பற்றித்தான்.

மருந்து ஏன் சிப்ரோஃப்ளாக்சசின்? வாய்வழி எடுத்தால் 40 முதல் 50 சதவீதம் உருமாறாமல் சிறுநீரிலேயே வெளியேறிவிடும். 500 மி.கி. மாத்திரை ஒன்றிலிருந்து 250 மி.கி. சாக்கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியாவிடம் எதிர்ப்புத்திறனைத் தேர்ந்தெடுக்காத அளவு என்று ஆய்வாளர்கள் முன்வைத்திருப்பது லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். 250 மி.கி.யை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க ஏறத்தாழ 39 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். மதுரைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 325 லாரி, ஒரே ஒரு மாத்திரைக்கு. பெரும்பாலான மாதங்களில் மணலும் நாணலுமாகக் கிடக்கும் வைகை இந்த வேலையைச் செய்து தராது.

டெட்ராசைக்ளினும் எடுக்கலாம், ஆனால் தண்ணீரில் நிற்க நிற்க உருமாறும். அமாக்சிசிலின் தண்ணீரிலேயே தானாக உடையும். இரண்டிலும் கரி பிடித்தது எவ்வளவு, தானாகப் போனது எவ்வளவு என்று பிரிப்பது தலைவலி. சிப்ரோ வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டால் நிலைத்து நிற்கும், கை பழக அதுதான் தோது.

மூட்டக் கரியில் எதை எடுப்பது

சீமைக் கருவேலம் விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இல்லாத கண்மாய்க்கரை இல்லை. மரத்தை அடுக்கி, இலைதழை மூடி, மண் பூசி, நாள்கணக்கில் உள்ளே புகைய விட்டு எடுக்கும் கரிமூட்டம் அங்கே பழைய தொழில். மூட்டை மூட்டையாக மதுரைக்கு வரும் கரி அதுதான். விலை மலிவு, ஆனால் ஒரே மூட்டைக்குள் மூன்று தினுசு இருக்கும். மூட்டத்தின் ஓரத்துக் கரி எரிந்து பாதி சாம்பல். நடுவில் சரியாக வெந்தது. அடியில் வேகாத கொள்ளி.

பொறுக்கி எடுக்கக் கருவி வேண்டாம். ஒரு துண்டை இன்னொன்றில் தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். உடைத்த முகம் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். சுவரில் இழுத்தால் கோடு கறுப்பாக விழ வேண்டும். பழுப்பாக விழுந்தால் அது கொள்ளி, வேண்டாம். மேலே வெள்ளைப் படிவு கனமாக இருந்தால் சாம்பல், அல்லது மூட்டத்தை உப்புத் தண்ணீர் ஊற்றி அணைத்திருப்பார்கள். அதையும் தள்ளிவிடலாம். மூட்டையில் பாதி தேறினால் நல்ல மூட்டை.

சொந்தமாகச் சுடுவதானால் 4 லிட்டர் பெயிண்ட் டின் போதும். மூடி அழுத்தி அடைக்கும் வகையாக இருக்க வேண்டும். பழைய எண்ணெய் டின் வேண்டாம்: ஈயப்பற்று வைத்த மூட்டு 200 டிகிரியை ஒட்டி உருகி, டின் நெருப்புக்குள்ளேயே பிரிந்து, உள்ளே இருக்கும் மரம் மொத்தமும் சாம்பலாகிவிடும். துத்தநாகம் பூசிய தகரமும் வேண்டாம். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. புது டின்னில் உட்பூச்சு இருந்தால் காலியாக ஒரு முறை சுட்டு எடுக்கவும்.

மூடியில் 3 மி.மீ. ஆணி ஓட்டை ஒன்றே ஒன்று. வெயிலில் நன்றாகக் காய்ந்த, கட்டைவிரல் கனத் துண்டுகளை முக்கால் டின் நிரப்பி, செங்கல் அடுப்புக்குள் வைத்து நாலு பக்கமும் தீ. முதலில் ஓட்டையில் வெள்ளை நீராவி, பிறகு மஞ்சள் புகை, பிறகு அதுவே தீப்பிடித்து ஊதுகுழல் மாதிரி எரியும். அந்தச் சுடர் ஒடுங்கி அணைந்த பிறகும் அரை மணி நேரம் தீயைக் குறைக்கக் கூடாது. அந்த அரை மணி நேரம்தான் கரிக்குள் தங்கும் தாரை வெளியேற்றும். அவசரப்பட்டு இறக்கினால் மேலே சொன்ன தேத்தண்ணீர் திரும்பவும் வரும். கே டைப் தெர்மோகப்பிள் (அதிக வெப்பத்தை அளக்கும் கம்பி) இருந்தால் டின் சுவர் 500 முதல் 550 டிகிரியில் நிற்பதைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இருட்டில் டின்னின் அடிப்பக்கம் மங்கலான சிவப்பாகத் தெரிவது அந்த வெப்பம்தான். பிறகு ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து மறுநாள் காலை வரை தொடக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் கரி கங்காகிவிடும். கிடைப்பது காய்ந்த மரத்தின் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு.

அரைத்தல், கழுவுதல்

உரலில் இடிப்பது உத்தமம். மிக்சியில் போட்டால் இரண்டு மூன்று விநாடி விட்டு விட்டு ஓட்டவும். தொடர்ந்து ஓட்டினால் பாதி கண்மையாகிவிடும். குலுக்கல் சோதனைக்கு (கரியை மருந்துக் கரைசலோடு குலுக்கி அளப்பது) பிஎஸ்எஸ் 52 சல்லடையில் (பிஎஸ்எஸ் என்பது பிரிட்டிஷ் தரச் சல்லடை எண்) விழுந்து 100-இல் தங்குவது, அதாவது 150 முதல் 300 மைக்ரான். தூணில் (கரியை அடைத்து, அதன் வழியே மருந்துக் கரைசலை ஓட விடும் குழாய்) நிரப்ப 14-இல் விழுந்து 25-இல் தங்குவது, 0.6 முதல் 1.2 மி.மீ. நடுவில் மிஞ்சுவதைத் திரும்ப இடிக்கலாம்.

கருவேலங்கரிச் சாம்பலில் சுண்ணமும் பொட்டாசியமும் உண்டு. கழுவாமல் போட்டால் தண்ணீரின் பிஎச் சரசரவென்று ஏறிவிடும். சிப்ரோவின் இரண்டு பிகேஏ மதிப்புகள் (மூலக்கூறின் மின்னூட்டம் மாறும் பிஎச்) ஏறத்தாழ 6.1, 8.7. 6.1-க்குக் கீழே மூலக்கூறு நேர்மின்னூட்டத்தோடு இருக்கும், நடுவில் இரண்டும் கலந்து, 8.7-க்கு மேல் எதிர்மின்னூட்டம். பிஎச் 7-இல் சோதனை செய்ததாக நோட்டில் எழுதி, கரி அதை 9-க்கு மேல் ஏற்றியிருந்தால், சோதித்தது வேறொரு மூலக்கூறை. அதனால் தொடக்க பிஎச் மட்டும் போதாது, முடிவு பிஎச்சையும் ஒவ்வொரு குடுவைக்கும் குறிக்க வேண்டும்.

கழுவும் முறை: ஒரு கிராம் கரிக்கு 10 மி.லி. வீதம் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (அடர் அமிலம் சுமார் 8.5 மி.லி.யை ஒரு லிட்டர் ஆக்கினால் கிடைக்கும்). அரை மணி நேரம் இளங்கொதி. மேலே மிதக்கும் தூளை இறுத்துவிட்டு, கொதிநீரில் திரும்பத் திரும்பக் கழுவவும். எத்தனை முறை என்று எண்ணிக்கை சொல்ல முடியாது. கழுவிய நீரின் பிஎச் ஊற்றிய நீரின் பிஎச்சோடு ஒத்துப்போக வேண்டும். 277-இல் அப்சார்பன்ஸ் (மெஷின் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவு) 0.02-க்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டில் பின்னது வரத்தான் நேரமாகும். பிறகு 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, மூடி இறுகிய பாட்டிலில். திறந்து வைத்த கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் 0.1 கிராம் என்று எடை போட்டதில் ஒரு பங்கு வெறும் தண்ணீராக இருக்கும்.

அமிலக் கரி தேவையா

சாதாரணக் கரியில் நுண்துளை குறைவு. பாஸ்பாரிக் அமிலத்தில் ஊற வைத்துச் சுட்டால் கூடும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மூட்டக் கரியை வாங்கி அமிலத்தில் ஊற வைப்பது. பாஸ்பாரிக் அமிலம் வேலை செய்வது மரத்தின் செல்லுலோஸ், லிக்னின் மீது. ஏற்கெனவே கரியாகிவிட்டதில் அதற்கு அதிக வேலை இல்லை. மரத்தூளில்தான் தொடங்க வேண்டும்.

காய்ந்த மரத்தூள் 100 கிராம். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 105 மி.லி., 150 மி.லி. தண்ணீரில் கலந்தது. ஒரு மி.லி. அமிலத்தில் 1.43 கிராம் பாஸ்பாரிக் இருப்பதால், தூளுக்கு ஒன்றரை மடங்கு எடை அமிலம் சேர்கிறது. ஒரு நாள் ஊறல், 110 டிகிரியில் உலர்த்தல், மூடிய பீங்கான் குரூசிபிளில் 450 டிகிரி, ஒரு மணி நேரம். இரும்பு டின்னில் வைத்தால் டின்னை அமிலம் தின்றுவிடும். கரியோடு இரும்பு பாஸ்பேட்டும் சேர்ந்து வரும். ஃபர்னஸ் புகைபோக்கி உள்ள இடத்தில்தான் இருக்க வேண்டும்.

கழுவும்போது வெளியேறுவது பாஸ்பேட். அதை அப்படியே வாய்க்காலில் கொட்டினால் போய்ச் சேரும் கண்மாயில் ஆகாயத்தாமரைக்கு உரம் போட்ட கணக்கு. கழுவிய நீர் முழுவதையும் ஒரு வாளியில் சேர்த்து, நீற்றிய சுண்ணாம்பு போட்டு பிஎச் 9-க்கு மேல் கொண்டுபோனால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். தெளிநீரை நடுநிலையாக்கி விடலாம்.

செலவையும் கழுவும் தண்ணீரையும் கூட்டிப் பார்த்தால் இதை ‘மலிவுப் பொருள்’ என்று சொல்ல வாய் வராது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு 50 கிராம் செய்து வைத்துக்கொள்வது போதும்.

எந்தக் கரிக்கும் அயோடின் எண் (ஒரு கிராம் கரி எத்தனை மி.கி. அயோடினைப் பிடிக்கிறது என்பது) பார்ப்பது நல்லது. 2 கிராம் கரி, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி., அரை நிமிடம் கொதி, ஆறிய பின் 0.1 நார்மல் அயோடின் 100 மி.லி., அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி உடனே வடிகட்டல். வடிநீர் 50 மி.லி.யை 0.1 நார்மல் தயோசல்பேட்டால், ஸ்டார்ச் காட்டியோடு டைட்ரேட் செய்யவும். 10 மி.லி. செலவானால்: 1269.3 கழித்தல் (27.92 பெருக்கல் 10), அதாவது 990.1, அதை 2 கிராமால் வகுத்தால் 495. தயோசல்பேட் 20 மி.லி.க்கு மேல் போனால் மிச்ச அயோடின் 0.04 நார்மலைத் தாண்டிவிட்டது என்று பொருள். எண் செல்லாது, கரியைக் கூட்டித் திரும்பச் செய்ய வேண்டும். கடையில் வாங்கும் நல்ல தேங்காய்ச் சிரட்டைக் கரி 900 முதல் 1100 காட்டும்.

ஆனால் அயோடின் சின்ன மூலக்கூறு, சிப்ரோ பெரியது. அயோடின் நுழையும் சந்தில் சிப்ரோ நுழையாது. மெத்திலீன் புளூ என்ற சாயம் சிப்ரோவுக்கு நெருக்கமானது: அதன் மூலக்கூறு எடை 320, சிப்ரோவுக்கு 331. இரண்டில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் மெத்திலீன் புளூ செய்யுங்கள்.

கரிசல் மண், ஒரு கிளைக்கதை

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலை இந்த வேலையில் யாரும் சீந்துவதில்லை. கரிசல் வெடிப்பதற்கும் உப்புவதற்கும் காரணமான களிமண் கனிமத்தின் அடுக்குகளுக்குள் கால்சியம், சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. பிஎச் 8.7-க்குக் கீழே நேர்மின்னூட்டம் தாங்கிய சிப்ரோ அவற்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். இந்த ஒரு மருந்தைப் பிடிப்பதில் சுடாத, கழுவாத கரிசல் பல கரிகளுக்குச் சவால் விடும்.

சிக்கல் பிடிப்பதில் இல்லை, பிரிப்பதில். நனைந்த கரிசல் கூழாகிவிடும். தூணில் நிரப்பினால் ஊறி உப்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாது. குடுவையில் போட்டால் மிக நுண்ணிய களிமண் வடிதாளைத் தாண்டி வந்து ஒளியைச் சிதறடித்து, மருந்து இருப்பது போலவே ரீடிங் கொடுக்கும். ஒரு லிட்டருக்கு 50 மி.கி. படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, மேல்நீரை எடுத்து அளக்கலாம். அப்போது படிகாரம் மட்டும் போட்ட மருந்துக் கரைசல் ஒன்றும் தனியாக ஓட வேண்டும், ஏனென்றால் அலுமினியமும் சிப்ரோவோடு ஒட்டும். உருண்டை பிடித்துச் செங்கல் மாதிரி சுட்டால் உறுதியாகும்தான். ஆனால் 600 டிகிரியைத் தாண்டினால் அடுக்குகள் இடிந்து, அயனி மாற்றும் குணமும் போய்விடும்.

மருந்துக் கரைசல்

காலாவதியான 500 மி.கி. மாத்திரை ஒன்று போதும். பழகுவதற்கு இது சரி, வெளியிடும் கணக்குக்குத் தர நிர்ணயம் செய்த தூய பொடிதான். மாத்திரையை இடித்து, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. சேர்த்த 500 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் கலக்கினால் லிட்டருக்கு 1000 மி.கி. கரைசல். மேற்பூச்சின் டைட்டானியம் டை ஆக்சைடும் மாவும் கலங்கலாக நிற்கும். வடிதாளில் வடிகட்டி, முதல் 20 மி.லி.யை விட்டுவிட வேண்டும். அலுமினியத் தாள் சுற்றிய பாட்டில், பிரிட்ஜ், ஒரு வாரம்.

அமிலத்தில்தான் இந்தச் செறிவு கரையும். பிஎச் 7-க்குக் கொண்டுபோனால் லிட்டருக்கு 100 மி.கி.க்குச் சற்று மேலேயே கரைதிறன் முடிந்து, ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். 200 மி.கி. செறிவில், பிஎச் 7-இல் செய்து, கரி அமோகமாகப் பிடித்தது என்று எழுதும் கணக்குகளில் ஒரு பங்கு வடிதாளில் தங்கிய படிகம். 50 மி.கி.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இங்கே 20 மி.கி.: மேற்படி கரைசல் 20 மி.லி.யை ஒரு லிட்டர் ஆக்கி, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுகளால் பிஎச் 7.

20 மி.கி. என்பது நம் சாக்கடையின் செறிவு அல்ல. அங்கே இருப்பது மைக்ரோகிராமில். இந்த அளவு மருந்து ஆலைக் கழிவில் மட்டும் பார்த்தது: 2007-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஐதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் வெளியேற்று நீரில் லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோ இருந்தது. யூவி மெஷினால் பார்க்க முடியும் என்பதற்காகத்தான் 20.

அளக்கும்போது 5 மி.லி. மாதிரியோடு 5 மி.லி. 0.2 நார்மல் அமிலம் சேர்த்துவிடுங்கள். பிஎச் மாறினால் உச்சியின் இடமும் உயரமும் மாறும். அமிலத்தில் எல்லா மாதிரியும் ஒரே நிலையில், 277-இல் நிற்கும். 1, 2, 4, 6, 8, 10 மி.கி. செறிவுகளில், அதே அமிலத்தில் அளவுக்கோடு (எந்தச் செறிவுக்கு எந்த ரீடிங் என்று காட்டும் கோடு). 10 மி.கி.க்கு அப்சார்பன்ஸ் 1-ஐச் சற்றுத் தாண்டும். குவார்ட்ஸ் குவெட் (மாதிரியை ஊற்றி மெஷினில் வைக்கும் சின்னக் கிண்ணம்) கட்டாயம். சாதாரணக் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இந்த அலைநீளத்தைத் தானே விழுங்கிவிடும். எல்லா மாதிரியும் ஒரே ரீடிங் காட்டினால் முதலில் குவெட்டைப் பாருங்கள்.

யூவி மெஷின் இல்லாத பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஃபெரிக் அமோனியம் சல்பேட் வழி உண்டு. இரும்போடு சேர்ந்து சிப்ரோ மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் தரும். 440 நானோமீட்டரை ஒட்டிய ஃபில்டரில் சாதாரண கலரிமீட்டரே படிக்கும். 50 மி.கி. செறிவில் தொடங்க வேண்டும். இதில் ஒரு பொறி: கழுவல் பற்றாத பாஸ்பாரிக் கரியிலிருந்து பாஸ்பேட் கசிந்தால், அது இரும்பை நிறமில்லாமல் கட்டிக்கொள்ளும். மருந்து முழுசாகக் குடுவையில் இருக்க, நிறம் போய்விடும். ‘நூற்றுக்கு நூறு நீக்கம்’ வந்தால் அந்த வடிநீரில் கொஞ்சம் மருந்தைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். நிறம் வரவில்லை என்றால் பாஸ்பேட்தான்.

கள்ளநோட்டுப் பார்க்கும் 365 நானோமீட்டர் டார்ச்சும் கைவசம் இருக்கட்டும். இருட்டறையில் 20 மி.கி. கரைசல் மேல் அடித்தால் நீல ஒளி தெரியும். எண் சொல்லாது. ஆனால் தூணிலிருந்து மருந்து தப்பி வரத் தொடங்கியதை மெஷினுக்குப் போகும் முன்னே காட்டிக்கொடுக்கும்.

நாலு பிளாங்க்

பிளாங்க் என்பது ஏதோ ஒன்றை விட்டுவிட்டு ஓட்டும் ஒப்பீட்டுச் சோதனை. ஒவ்வொரு சுற்றிலும் கரி போட்ட குடுவைகளோடு இந்த நாலும் ஓட வேண்டும்.

மருந்து மட்டும், கரி இல்லாமல், அதே ஷேக்கரில், அலுமினியத் தாள் சுற்றி. சிப்ரோ வெளிச்சத்தில் சிதையும். ஜன்னலோர ஷேக்கரில் மதுரை வெயில் பட்டால், கரி இல்லாத குடுவையிலும் குறையும்.

கரி மட்டும், மருந்து இல்லாமல். முதல் பத்தியில் சொன்ன பழுப்பு நீர். இதன் அப்சார்பன்ஸை மருந்து மாதிரியின் ரீடிங்கிலிருந்து கழிக்க வேண்டும். கழிப்பதே 0.05-க்கு மேல் போனால் கணக்குப் போடாமல் கரியைத் திரும்பக் கழுவுவது மேல்.

வடிகட்டி. மருந்துக் கரைசலைக் கரி காட்டாமல் வடிகட்டி மட்டும் தாண்ட விட்டு, முன்னும் பின்னும் அளக்கவும். வடிதாளும் நைலான் சிரிஞ்ச் ஃபில்டரும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை. முதல் 5 மி.லி.யை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகவில்லை என்றால் சென்ட்ரிஃப்யூஜ்.

நாலாவது, பலர் விடுவது: கரிக் குடுவை எந்த பிஎச்சில் முடிந்ததோ, அதே பிஎச்சுக்கு ஏற்றிய மருந்து, கரி இல்லாமல், அதே தண்ணீரில். பிஎச் ஏறியதாலோ சுண்ணத்தோடு சேர்ந்தோ தானாகப் படிந்தது எவ்வளவு என்று இது சொல்லிவிடும்.

குலுக்கல்

250 மி.லி. கூம்புக் குடுவையில் 100 மி.லி. கரைசல், 0.1 கிராம் கரி, நிமிடத்துக்கு 150 சுற்று. 5, 15, 30, 60, 120, 240 நிமிடம், பிறகு 24 மணி நேரம். ஒரே குடுவையிலிருந்து ஏழு முறை எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குறைந்து கரி விகிதம் ஏறிவிடும். ஒரு நேரத்துக்கு ஒரு குடுவை.

20 மி.கி. இருந்தது 4 மி.கி. ஆனால்: 16 பெருக்கல் 0.1 லிட்டர், வகுத்தல் 0.1 கிராம், கிராமுக்கு 16 மி.கி. இந்த எண்தான் கரியின் தகுதி. ‘80 சதவீதம்’ என்பது எதையும் சொல்லாது. அதே குடுவையில் கரியை ஐந்து மடங்கு கொட்டினால் 98 சதவீதமும் வரும். கிராமுக்குப் பிடித்தது 4 மி.கி.க்குக் கீழே இறங்கியிருக்கும்.

கரி எடையை 0.02 முதல் 0.2 கிராம் வரை மாற்றி 24 மணி நேரக் குலுக்கலில் சமவெப்பக் கோடு (தண்ணீரில் மிஞ்சிய செறிவுக்கு எதிரே கிராமுக்குப் பிடித்தது) போடலாம். லாங்மியூர் சமன்பாட்டின் நேர்கோட்டு வடிவத்தில் செறிவு இரண்டு அச்சிலும் வருவதால், எதைப் போட்டாலும் பொருத்தம் 0.99 வரும், அதை வைத்து மார்தட்ட வேண்டாம். வளைகோட்டிலேயே பொருத்திப் பார்த்தால் மூட்டக் கரிக்கு ஃபிராய்ண்ட்லிக் என்ற இன்னொரு சமன்பாடுதான் பெரும்பாலும் நெருக்கமாக உட்காரும்.

இதெல்லாம் டிஸ்டில்டு வாட்டரில். அதே சுற்றைப் போர் தண்ணீரில் திரும்பச் செய்யாமல் எந்த எண்ணையும் வெளியே சொல்லக் கூடாது. மதுரையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணீர். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் சிப்ரோவோடு கூட்டு வைத்துக்கொள்ளும், கரியின் இடத்துக்கும் போட்டி போடும். கிராமுக்குப் பிடிப்பது பெரும்பாலும் குறையும். கரிசலில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்து, ஏனென்றால் அங்கே நடப்பதே அயனி மாற்று.

சிரிஞ்ச் தூண்

50 மி.லி. சிரிஞ்ச், அடியில் கண்ணாடிப் பஞ்சு. தென்னை நார் வைக்கலாமே என்று தோன்றும். அதிலிருந்து இறங்கும் சாயம் நாள்கணக்கில் நிற்காது. 0.6 முதல் 1.2 மி.மீ. கரியை அரை மணி நேரம் கொதிக்க வைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, ஆறியதும் ஈரத்தோடு, தண்ணீருக்குள் கரி விழும்படி நிரப்பவும். காய்ந்த கரியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பாதி மிதக்கும், மீதிக்குள் காற்றுக் குமிழி நிற்கும். தண்ணீர் குமிழிக்கு ஓரமாக ஒரு தடம் பிடித்து இறங்கிவிடும். நனைந்த சிரிஞ்சை வெளிச்சத்துக்கு எதிரே சுழற்றினால் சுவரை ஒட்டி வெள்ளிக் கம்பி மாதிரி மின்னுவது அந்தத் தடம். கண்டால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான். தட்டிச் சரிசெய்ய முடியாது.

40 மி.லி. படுகை, சுமார் 16 கிராம் கரி. படுகையில் தண்ணீர் 10 நிமிடம் நிற்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 4 மி.லி. குளுக்கோஸ் ஏற்றும் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி.; ஆக நிமிடத்துக்கு 80 சொட்டு. 5 லிட்டர் கேனில் தண்ணீர் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து, காலையில் 80 இருந்தது மாலையில் 50 ஆகும். கேனின் மூடியை இறுக்கி, அடிவரை போகும் ஒரு குழாய் வழியாக மட்டும் காற்று நுழைய விட்டால் வேகம் மாறாது. படுகை காயாமலிருக்க வெளியேற்றுக் குழாயைக் கரிமட்டத்துக்கு மேலே வளைத்துக் கட்டவும்.

குலுக்கலில் கிராமுக்கு 5 மி.கி. பிடித்த கரி என்றால், 16 கிராமுக்கு 80 மி.கி.; 20 மி.கி. கரைசலில் 4 லிட்டர். மணிக்கு 240 மி.லி. வேகத்தில் பதினாறரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இது காகிதக் கணக்கு. உண்மையில் மருந்து முன்னதாகவே தப்பத் தொடங்கும், ஏனென்றால் குலுக்கலில் கிடைத்த 24 மணி நேரம் இங்கே 10 நிமிடமாகிவிட்டது, துகளும் பெரிது. அரை மணிக்கு ஒரு முறை டார்ச். நீலம் தெரிந்ததும் மாதிரி எடுத்து மெஷினுக்கு.

சுத்திகரித்த சாக்கடை நீரை இதே தூணில் விட்டு 277-இல் அளந்தால் தெரிவது மருந்து அல்ல, அந்த நீரிலேயே இருக்கும் கரிமப் பொருள். மைக்ரோகிராம் அளவுக்கு எல்சி-எம்எஸ் (மூலக்கூறுகளைப் பிரித்து, எடையை வைத்து அடையாளம் காணும் மெஷின்) தவிர வேறு கதியில்லை. நுண்ணுயிர் ஆய்வகம் இருந்தால் இடைவழி ஒன்று உண்டு: ஏடிசிசி 25922 ஈ.கோலை (சோதனைகளுக்கான தர பாக்டீரியா இனம்) பூசிய அகார் தட்டில் குழி வெட்டி, தூணுக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை விட்டு, குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையத்தை அளப்பது. லிட்டருக்கு 0.004 முதல் 0.016 மி.கி. சிப்ரோவே அந்த இனத்தின் வளர்ச்சியை நிறுத்தும். குழியிலிருந்து பரவும்போது நீர்த்துப்போவதால் தட்டில் இதைவிடக் கூடுதல் செறிவு வேண்டும். ஆனாலும் யூவி மெஷினைவிடக் கூர்மையானது. வெறும் தண்ணீர், கரி கழுவிய நீர் இரண்டுக்கும் குழி வெட்ட மறக்கக் கூடாது.

இந்தத் தூணிலிருந்து வரும் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல.

தீர்ந்த கரி

தோட்டத்துக்கு உரம் என்று போடக் கூடாது; பிடித்து வைத்த மருந்தை மழை நீர் மெல்ல இறக்கிவிடும். மிஞ்சிய மருந்துக் கரைசலையும் தொட்டியில் ஊற்றாமல், பழைய கரித் தூள் போட்ட ஒரு கேனில் சேர்த்து, ஒரு நாள் கழித்து வடித்து, அந்தக் கரியையும் இதோடு சேர்க்க வேண்டும்.

திரும்பப் பயன்படுத்த: வெயிலில் உலர்த்தி, முதலில் சொன்ன பெயிண்ட் டின்னில் அடைத்து 450 டிகிரியில் ஒரு மணி நேரம். சிப்ரோ 255 டிகிரியை ஒட்டியே சிதைந்துவிடும். அதற்கு மேலுள்ள சூடு துளைகளில் ஒட்டிய கரிப்படிவை அசைப்பதற்கு. புகை வரும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம், மூலக்கூறில் ஃபுளோரின் இருக்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிடிக்கும் திறன் கொஞ்சம் இறங்கும், துகளும் உதிரும். எடுத்ததும் பிஎஸ்எஸ் 25 சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத் தனியாக எடை போடுங்கள். அது போட்ட கரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கரியை இனித் தூணில் நிரப்ப வேண்டாம். அடுத்த முறை கண்ணாடிப் பஞ்சை அதுதான் அடைக்கும். அதைத் திறந்த தீயில் சாம்பலாகும் வரை எரித்துவிட்டு, மூட்டையிலிருந்து புதிதாகப் பொறுக்கலாம்.